வலப் பக்கம்

அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்பு விண்ணப்பத் தாளின் அடியில் ஐந்து கட்டங்கள் இருக்கும். விருப்பப் பாடம் எது என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். கணினிதான் முதல் கட்டம். அதற்குக் கீழே கணக்குப் பதிவியல், மனையியல், இன்னும் ஏதோ ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், தாளின் ஓரத்தை இடித்துக்கொண்டு, 'எழுத்து, தகவல் தொடர்பு மற்றும் ஆய்வு' என்று ஒரு கட்டம். பெயர் நீளமென்று அச்சடித்தவர் எழுத்தைப் பொடியாக்கியிருந்தார். அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடைசிக் கட்டம் என்பார்கள், அவ்வளவுதான்.

"உங்க பொண்ணு என்ன எடுத்திருக்கா?"

"எங்க எடுத்தா? கடைசிக் கட்டத்துல தள்ளிட்டாங்க."

விரும்பி அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் என்று பன்னிரண்டு வருஷத்தில் நாலு பேரைச் சொன்னால் அதிகம். மற்றவர்கள் கணினி வகுப்பு நிரம்பி வழிந்ததில் கீழே சொட்டியவர்கள்.

அந்தப் பாடத்தை நடத்தியவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'திருத்தம் சார்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் நாளாவட்டத்தில் அது நடந்து முன்னால் வந்துவிட்டது. ஆசிரியர்கள் அறையிலும் அதுதான், சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தாவின் வாயிலும் அதுதான். சட்டைப் பையில் எப்போதும் மூன்று சிவப்புப் பேனா வைத்திருப்பார். மளிகைக் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு பிழையாக ஒட்டியிருந்தால் போதும், சாமானை வாங்குவாரோ மாட்டாரோ, கை பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

அவருடைய வகுப்பறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த இடம். கூரை சரிந்து இறங்குவதால் கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து பதில் சொன்னால் தலையில் இடிக்கும். ஆகவே அங்கே உட்கார்ந்தபடியே பதில் சொல்லலாம் என்று ஒரு சலுகை. மணி அடித்தால் எண்ணூறு பேரின் கால்கள் தலைக்கு மேலே தடதடவென்று இறங்கும். அந்த இரண்டு நிமிஷம் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. ஜன்னல் ஒன்று உண்டு. புதுக் கட்டடம் எழும்பியபோது அதன் சுவர் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் பூசாத செங்கல். மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான் என்பதால் பாதி திறந்தபடி கிடந்தது.

இங்கிருந்து போய்விட வேண்டும் என்று அவர் ஏழு வருஷமாகத் துடித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் வேலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மகளும் அம்மாவோடு இருந்து அங்கேயே கல்லூரிக்குப் போகிறாள். நான்கு மணி நேர பஸ். சனிக்கிழமை போவார், திங்கள் விடியலில் திரும்புவார். வாரத்தில் ஒன்றரை நாள் குடும்பஸ்தர், மீதி நாளெல்லாம் ஓர் ஒற்றை அறையும் ஒரு மின்னடுப்பும்.

மாறுதலுக்கு வேறு பெரிய தடை எதுவும் கிடையாது. விண்ணப்பத்தில் தலைமையாசிரியை 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த அம்மாளைப் பெரிய மேடம் என்பார்கள். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கையெழுத்து மட்டும் போட மாட்டார்.

"நீங்க போயிட்டா எனக்கு யாரு சார் எழுதுவா?"

அதுதான் சங்கதி. வரவேற்புரை, நன்றியுரை, ஓய்வு பெறுபவருக்கு வாழ்த்து மடல், இறந்தவருக்கு இரங்கல் பலகை, தண்ணீர் வரவில்லை என்று மேலிடத்துக்கு முறையீடு எல்லாம் மாடிப்படிக்குக் கீழிருந்துதான் போகும். மூன்றாம் வருஷம், அவருடைய மாறுதலை ஏன் தர முடியாது என்று மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. அதையும் அவரிடமே எழுதித் தரச் சொன்னார் பெரிய மேடம். எழுதித் தந்தார். அது அத்தனை உருக்கமாக அமைந்துவிட்டது. மேலிடம் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டு பதில் போட்டது.

இந்த வருஷம் மட்டும் மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். "ரிசல்ட் வரட்டும் சார். சத்தியமா போட்டுடறேன்." நிரப்பிய விண்ணப்பம் மேடத்தின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

கடைசிக் கட்டத்தில் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதினோரு பேர். பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, ஆய்வேடு உண்டு. அவரவர் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, நேரில் போய் நாலு பேரை விசாரித்து, இருபது பக்கம் எழுதித் தேர்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கேள்வி கேட்கப் பழக்குவதில் திருத்தம் சார் கெட்டிக்காரர். யாரிடம் கேட்டாய், எப்போது கேட்டாய், அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று பிடுங்கி எடுத்துவிடுவார். தவறு நடந்தது நோட்டுப் புத்தகத்தில்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. நோட்டைத் திறந்தால் இடப் பக்கம் பிள்ளைக்கு, வலப் பக்கம் சாருக்கு. பிள்ளை தன் வரைவை இடது பக்கம் எழுதும். சார் அதைத் திருத்தி வலது பக்கம் எழுதுவார். வலப் பக்கத்தைப் பார்த்துப் பிள்ளை சுத்தப் பிரதி எடுக்கும். ஆரம்ப வருஷத்தில் வலப் பக்கத்தில் நாலைந்து சொல்தான் இருந்தது. அப்புறம் வாக்கியங்கள் வந்தன. அப்புறம் பத்திகள். எந்த வருஷம் முழுப் பக்கமானது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மார்க் நன்றாக வந்தது, யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஒருத்தி கேட்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் வகுப்பில் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர். அவளுடைய அம்மா ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைப்பவர். ஒரு வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக வரிசைக்கு இரண்டு டோக்கன். வக்கீலம்மா வேலை விடும் நேரத்தில் ஆலை வாசலில் நின்று பத்தொன்பது பேரைப் பிடித்துக் கேட்டிருந்தாள். இடப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

'காலைல உள்ள போனா தண்ணி குடிக்க மாட்டோம். குடிச்சா போகணும். போகணும்னா டோக்கன் வேணும். டோக்கன் எப்பவும் வேற ஒருத்தி கைல இருக்கும்.'

சார் வலப் பக்கத்தில் எழுதினார்: 'பணியிடத்தில் நீர் அருந்துவதையே பெண்கள் தவிர்க்க நேரும் அவலத்தை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.'

வக்கீலம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், யாருக்கு சார் நெஞ்சு கனக்குது?"

"உனக்குத்தான்மா. எழுதறது நீதானே."

"எனக்கு ஒண்ணும் கனக்கல சார். கோவம்தான் வருது."

"கோவத்த அப்படியே கொட்டக் கூடாது. கொஞ்சம் பதமா..."

"இத எங்கம்மாகிட்டப் படிச்சுக் காட்டினா வேற யாரோ பத்திச் சொல்றேன்னு நினைப்பாங்க சார். அவங்க இப்படிப் பேசவே மாட்டாங்க."

"அப்ப உன் இஷ்டம். மார்க் குறைஞ்சா எங்கிட்ட வந்து நிக்காத."

"நிக்க மாட்டேன் சார்" என்று போய் உட்கார்ந்தாள். இடப் பக்கத்தையே சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். தேய்க்காத சட்டையோடு வீட்டுப் பிள்ளையைக் கல்யாணத்துக்கு அனுப்பியது போல, அதை மற்ற பத்தோடு கட்டி அனுப்பும்போது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வாரியத்திலிருந்து ஓர் உறை வந்தது. பெரிய மேடம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனால், கதவைச் சாத்தச் சொன்னார்.

"படிங்க."

மதிப்பீட்டாளர் யாரோ, பொல்லாத ஆளாக இருக்க வேண்டும். இப்படி எழுதியிருந்தார்: 'பதினோரு ஆய்வேடுகளில் பத்தைத் தனித்தனிப் பிள்ளைகள் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் பேருந்துத் தாமதத்தை ஆராய்ந்திருக்கிறார், நெஞ்சு கனக்கிறது. ஒருவர் கிரிக்கெட் மட்டை எப்படி உடைகிறது என்று ஆராய்ந்திருக்கிறார், அங்கும் நெஞ்சு கனக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரே மாதத்தில் இந்த உபாதை வந்திருப்பது வியப்பளிக்கிறது. கழிப்பறை டோக்கன் பற்றிய ஏடு ஒன்றுதான் அதை எழுதியவருடையது. பள்ளி பத்து நாளில் விளக்கம் தர வேண்டும்.'

சாருக்குக் காது சுட்டது. தாளை மடிக்கத் தெரியாமல் இரண்டு தரம் மடித்தார்.

"ஒண்ணும் இல்ல சார், பதறாதீங்க" என்றார் மேடம். "பிள்ளைங்க பழைய வருஷத்து ஏட்டப் பாத்துக் காப்பி அடிச்சுட்டாங்க. ஆசிரியருக்குத் தெரியாது. ரெண்டு பத்தில முடிச்சுடலாம்."

"அப்ப பத்துப் பேருக்கும்?"

"இந்தப் பாடத்துல பூஜ்யம் வரும். மார்க் ஷீட்டுல 'முறைகேடு'ன்னு ஒரு வார்த்தை போடுவாங்க. அதனால என்ன, குடியா முழுகிடும்?"

"காலேஜ்ல கேப்பாங்களே மேடம்."

"நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னா மட்டும் என்ன ஆகும்? உங்க மேல விசாரணை வரும். விசாரணை இருக்கறப்ப மாறுதல் கேக்க முடியுமா? அது எத்தனை வருஷம் இழுக்கும்னு உங்களுக்கே தெரியும்." அவர் இழுப்பறையைத் திறந்தார். விண்ணப்பத்தை எடுத்தார். ஏழு வருஷமாகக் காலியாகக் கிடந்த கோட்டின் மேல், சாரின் கண் முன்னாலேயே, கையெழுத்துப் போட்டார். "தேதி மட்டும் பாக்கி. உங்க கடிதம் வந்த அன்னிக்குப் போட்டுக் குடுத்துடறேன். அந்த நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுங்க. அப்புறம் சார், விளக்கத்த நீங்களே எழுதிடுங்க. உங்கள மாதிரி யாருக்கு வரும்?"

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார். கையெழுத்து ஆகிவிட்டது என்பதை மட்டும் சொன்னார்.

"நெஜமாவா?" என்றாள் அவள். "ஏங்க, உங்க மேஜைய ஹால்லயே போட்டுடலாம். துணிக் கொடிய இந்தப் பக்கம் மாத்திட்டா எடம் இருக்கு."

பின்னாலிருந்து மகளின் குரல். "அப்பா, என் ரூம்ல உங்க புத்தக மூட்டைய எறக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"அவ கெடக்கா. நீங்க வாங்க" என்றாள் மனைவி. அப்படி ஒரு குரலை அவர் வெகுநாளாகக் கேட்டதில்லை.

மறுநாள் கடைசிப் பீரியட் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து விளக்கத்தை எழுதினார். கால் மணியில் முடிந்துவிட்டது. பொய்யை எழுதுகிறோம் என்ற தடுமாற்றமே இல்லை. வார்த்தைகள் வரிசையில் வந்து நின்று தலையைக் காட்டிவிட்டுப் போயின. வழக்கப்படி ஒரு முறை திருத்தப் படித்தார். மூன்றாம் வரியில், 'மாணவர்கள் இத்தகைய செயலில் இறங்கியதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது' என்று இருந்தது.

எழுதியது எப்போது என்றே தெரியவில்லை. தூக்கத்தில் கொசுவை அடிக்கும் கை போல அதுவாக எழுதியிருக்கிறது. அடித்துவிட்டு வேறு வார்த்தை தேடினார். வந்ததெல்லாம் அதற்குச் சித்தப்பன் பெரியப்பன் முறையாகவே வந்தது. இதை மதிப்பீட்டாளர் படித்தால் முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார் என்று தோன்றியது. இதே வரியைப் போன வருஷம் இறந்துபோன வாயிற்காவலருக்கும் எழுதினார். மேடத்தின் மாமியாருக்கும் எழுதினார். அந்த மூன்றாம் வருஷக் கடிதத்திலும், தம்மைப் பிரிய நேருமோ என்று தாமே, மேடத்தின் பேரில், நெஞ்சு கனத்திருந்தார்.

பேப்பர்காரருக்குப் போட நோட்டுகளைக் கட்ட வேண்டியிருந்தது. பீரோவைத் திறந்து ஒன்றை எடுத்தார். பேருந்துத் தாமதத்தை ஆராய்ந்த பையனுடையது. நெட்டை என்று கூப்பிடுவார்கள், கூரையில் அதிகம் இடித்துக்கொள்பவன் அவன்தான். முதல் மாதம் இடப் பக்கம் நிறைய எழுதியிருந்தான், பிழையும் கோணலுமாக. நாலாவது மாதம் ஆறு வரி. அப்புறம் இரண்டு வரி. வலப் பக்கங்கள் மட்டும் விளிம்பு வரை சிவப்பாக நிரம்பியிருந்தன. கடைசித் தாளின் இடப் பக்கத்தில் ஒரே வரி: 'முடிவுரை நீங்களே போடுங்க சார்.'

போட்டிருந்தார்.

மற்ற நோட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே. ஒருத்தி கடைசி மூன்று இடப் பக்கத்திலும் பூ வரைந்து வைத்திருந்தாள்.

தலைக்கு மேலே யாரோ தனியாக இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. துப்புரவு முடித்துப் போகும் அட்டெண்டர் அக்காவாக இருக்கும். பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளை இந்த அறைக்குள் வைத்து நாம் மட்டுமே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியபோது, ஜன்னல் பக்கம் பார்த்தார். செங்கல்தான் தெரிந்தது.

உண்மையை எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்று நாள் ஆனது. அழகாக வந்த வரியையெல்லாம் அடித்தார். அடித்து மிஞ்சியது இதுதான்: 'பிள்ளைகள் காப்பி அடிக்கவில்லை. நான் எழுதினேன். அவர்கள் பார்த்து எழுதினார்கள். அப்படித்தான் செய்யச் சொன்னேன். நோட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் அவர்களுடையது. தண்டனை எனக்குக் கொடுங்கள். அவர்களை மறுபடி எழுத விடுங்கள்.' படிக்கவே கூச்சமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்தது. மறுபடி வாசித்தால் திருத்தத் தோன்றும் என்று வாசிக்காமல் உறையை ஒட்டினார். மேடம் வழியாக அனுப்பினால் போகாது என்று தெரிந்து, தானே தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிவுத் தபாலில் சேர்த்தார்.

மேடத்திடம் நகலைக் கொடுத்தபோது அவர் கத்தவில்லை. நிதானமாகப் படித்தார்.

"இத நீங்களா எழுதினீங்க? நல்லாவே இல்லையே சார்."

"ஆமா மேடம்."

"உங்களுக்காகத்தான் நான் சொன்னேன். புரியுதா?" விண்ணப்பத்தை எடுத்து நாலாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போடாமல் மேஜை மேலேயே வைத்தார். "இப்ப நீங்க எங்கயும் போக முடியாது. நானும் அனுப்ப முடியாது."

மனைவிக்கு அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அரை மணி கழித்துக் கூப்பிட்டார்.

"என்னங்க இது, இவ்வளவு மோசமா எழுதியிருக்கீங்க" என்றாள். "நீங்க பேசற மாதிரியே இருக்கு. நிச்சயமான புதுசுல எனக்கு எழுதினீங்களே, அதுல கூட நெஞ்சுதான் கனத்துச்சு. வந்து பாத்தா ஆளு வேற மாதிரி இருந்தீங்க."

"கோவமா?"

"கோவம் இல்லாம? துணிக் கொடிய மாத்தி ஆணி அடிச்சுட்டேன். இப்ப சுவத்துல ஓட்டை." போனை வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அவர் போனபோது ஹாலில் மேஜைக்கு ஒதுக்கிய இடம் காலியாகவே இருந்தது. அவளும் அதில் எதையும் வைக்கவில்லை, அவரும் அதன் பக்கம் உட்காரவில்லை.

வாரியத்தின் முடிவு வந்தது. வக்கீலம்மாவின் ஏடு அப்படியே ஏற்கப்பட்டது. மற்ற பத்துப் பேரும் வெளியிலிருந்து வரும் மேற்பார்வையாளர் முன்னிலையில், ஒரே அமர்வில், தங்கள் குறிப்பை வைத்து மறுபடி எழுத வேண்டும். வலப் பக்கம் அவர்கள் கண்ணில் படக் கூடாது. ஆசிரியர் மீது விசாரணை, முடியும் வரை மாறுதல் பேச்சே கிடையாது.

நோட்டுகள் திரும்பி வந்தன. கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். கத்தரியை எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வலப் பக்கத்தைக் கிழித்தால் அதன் முதுகில் இருக்கும் அடுத்த இடப் பக்கமும் கூடப் போகும். இரண்டும் ஒரே தாள். ஆகவே பழைய செய்தித்தாளைப் பக்க அளவுக்கு வெட்டி, பசை தடவி, ஒவ்வொரு வலப் பக்கத்தின் மேலும் ஒட்ட வேண்டியிருந்தது. அட்டெண்டர் அக்கா பசை வாளியோடு வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு எழுதியிருக்கீங்க சார்! கை வலிக்கல?"

"அப்ப வலிக்கலக்கா."

"இப்ப ஒட்டறப்பத் தெரியுது பாருங்க" என்று அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். இரண்டு மத்தியானம் ஒட்டினார்கள்.

மறுதேர்வு அதே அறையில் நடந்தது. மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர். வந்ததும் சாரின் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாவையும் வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளைகளை அடையாளம் காட்டப் பாட ஆசிரியர் முடியும் வரை அறையிலேயே இருக்க வேண்டுமாம். பேசக் கூடாது, நடமாடக் கூடாது, வெளியே போகவும் கூடாது. ஒரு நாற்காலியை நெட்டையின் பெஞ்சுக்கு எதிரே காட்டினார்.

முதல் அரை மணி யாரும் எழுதவில்லை. செய்தித்தாள் ஒட்டிய பக்கங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஒருவனை மேற்பார்வையாளர் அதட்டினார். நெட்டை, கடைசியில் தான் எழுதியிருந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாரைப் பார்த்தான். சார் ஜன்னலைப் பார்த்தார்.

கதவு திறந்து அட்டெண்டர் அக்கா தலையை நீட்டினார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "மேடம் குடுத்தாங்க சார். புதுக் கட்டடத் திறப்பு விழாவாம். வரவேற்புரை, மூணு நிமிஷம். உடனே வேணுமாம்."

"பேனா இல்லன்னு சொல்லுங்கக்கா."

"வேற பேனா குடுத்து அனுப்புவாங்களே."

"சார், பேசக் கூடாது" என்றார் மேற்பார்வையாளர். அக்கா சீட்டைச் சாரின் மடியில் வைத்துவிட்டுப் போனார். விசாரணை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதுவரை இப்படிச் சீட்டு வந்துகொண்டேதான் இருக்கும்.

நெட்டை எழுதத் தொடங்கியிருந்தான். எதிரே இருந்தவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 'பஸ் வரல. நான் நின்னேன். என் கூட ஒரு பாட்டி நின்னாங்க. அவங்களுக்கு டயாலிசிஸ்.' அந்தப் பாட்டி சிவப்பு மையில் 'சக பயணியர்' ஆகியிருந்தது அவருக்கு நினைவு வந்தது.

அடுத்த வாக்கியத்தில் பையன் இடறினான். ஒரு சொல்லைத் தப்பாக வைத்துவிட்டு, அதற்கு மேல் போக முடியாமல் பேனாவைக் கடித்தான். சாரின் வலது கை ஆள்காட்டி விரல் அவருடைய முழங்காலின் மேல் அந்தச் சொல்லை அடித்து, மேலே சரியான சொல்லை எழுதியது. மறுபடி அடித்தது. மறுபடி எழுதியது. இன்னும் இரண்டேகால் மணி நேரம் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்.